மனு வேணாம், மினிட்ஸ்ல எழுதுங்க

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் தருமபுரி ஆட்சியர் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். நுழைவாயிலில் போலீஸ்காரர் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 'ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கும் ஒரு பக்கம். உள்ளே அதைப் பதிந்து ஓர் எண் தருவார்கள். அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறவர்களை வாரா வாரம் பார்க்கலாம். கிருஷ்ணகிரியிலும் இதே காட்சிதான்.

மனு வாங்குவதில் நம் அரசுக்கு ஈடு இல்லை. திங்கட்கிழமை குறைதீர் நாள், மனுநீதி நாள், ஜமாபந்தி, முதல்வரின் முகவரி என்று எத்தனையோ வாசல்கள். 'மக்களுடன் முதல்வர்' திட்டம் கிராமங்களுக்கு விரிந்ததே தருமபுரி மாவட்டம் பாளையம்புதூரில்தான், 2024 ஜூலை 11 அன்று. அடுத்த ஆண்டு ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் வந்தன. இவற்றால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிற விஷயங்கள். அவற்றுக்கு மனுதான் வழி.

ஊர்ப் பொதுக் காரியத்தையும் நாம் அதே வழியில் கொண்டுபோகிறோமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. தண்ணீர்த் தொட்டி, ஏரிக் கால்வாய், கல்குவாரி லாரி போகிற சாலை, டாஸ்மாக் கடை எல்லாவற்றுக்கும் ஒரு மனு, கீழே ஐம்பது கையெழுத்து. மனு என்பது கேட்பது. கொடுப்பதும் மறுப்பதும் வாங்குகிறவர் கையில். ஊரே கூடி ஒன்றைத் தீர்மானிக்க வேறொரு கருவியை 1990-களிலேயே சட்டம் நமக்குக் கொடுத்துவிட்டது. அதைக் கையில் எடுக்கிற பழக்கம்தான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் அரைகுறையாக இருக்கிறது.

அந்தக் கருவி கிராம சபை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, யாரும் நீக்கவும் முடியாது. ஊராட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள். கிராம சபைக்கு அப்படி முடிவு கிடையாது. நம் ஊர்ப்புறத்தில் இந்த வேறுபாடு இப்போது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. அந்த இடைவெளியிலும் சட்டப்படி ஊரின் பேரால் பேசக்கூடிய ஒரே அமைப்பாகக் கிராம சபைதான் இருந்தது.

முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. உலக நீர் நாளான மார்ச் 22-ம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் 2022-இல் சேர, ஆறு ஆயிற்று. காகிதத்தில் இது முன்னேற்றம். ஆனால் முதல் நான்கும் அரசு விடுமுறை நாட்கள், புதிதாக வந்த இரண்டும் வேலை நாட்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன இளைஞர்கள் விடுமுறை என்றால்தான் எட்டிப்பார்ப்பார்கள். உள்ளூரில் கூலிக்குப் போகிறவருக்கு நவம்பர் 1 என்பது ஒரு நாள் சம்பளம்.

தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. ஒரே நாளில், அநேகமாக ஒரே நேரத்தில், 584 இடங்களில் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அரசுத் துறையிலிருந்து ஒருவர் பற்றாளராக வருவார். கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்கிற கோரம் கணக்கை மக்கள்தொகையை வைத்துப் போட்டிருக்கிறார்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேலென்றால் 300. மூவாயிரம் பேர் வாழும் இடத்தில் நூறு பேர் சேர்வது அத்தனை கஷ்டமா என்று தோன்றலாம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வரச்சொல்லி வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் கோரம் நிறைந்துவிடும். அப்படி நிறைகிற கூட்டங்கள்தான் அதிகம். பொருள் எதையும் வாசிக்கும் முன்பே நோட்டு சுற்றுக்கு வந்துவிடும். வெற்றுப் பக்கத்தில் நூறு கையெழுத்து, மேலே தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டு. ஒரு கூட்டத்தில் என் கைக்கும் அந்த நோட்டு வந்தது. எழுதிய பிறகு போடுகிறேன் என்றேன். ஊராட்சி செயலர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

கூட்டம் நடப்பது மக்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதிலும் ஒரு கதை உண்டு. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். நெடுங்காலம் அது தண்டோரா. பறையடித்துத் தெருத்தெருவாகச் சொல்லும் வேலை ஒரு சாதியின் தலையில் விழுந்திருந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோராவை நிறுத்தி ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்கலாம். நடைமுறையிலோ பல ஊர்களில் ஆட்டோவும் வரவில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு செய்தியோடு முடிந்துபோகிறது. அந்தக் குழுவில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. தளி, கெலமங்கலம் பக்கம் இன்னொரு சங்கதி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் கூட்டத்தில் தங்கள் பேச்சிலேயே சண்டை போடுவார்கள். தமிழில் எழுதப்படும் மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைப் பதிவில், அது 'விவாதிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும்.

சட்டப்படி கிராம சபையின் வேலை பெரியது. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், வரவு செலவைப் பார்க்க வேண்டும், தணிக்கை அறிக்கையைக் கேட்க வேண்டும், பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில், வேலையையும் செலவையும் ஊராரே சரிபார்க்கிற சமூகத் தணிக்கையையே கிராம சபையிடம்தான் ஒப்படைத்தது. ஆனால் மேலதிகாரம் எவ்வளவு என்பதை அரசியல் சட்டத்தின் 243ஏ பிரிவு மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே கிராம சபை 'டாஸ்மாக் கடை வேண்டாம்' என்று எழுதினால் மறுநாள் கடை மூடப்படாது. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டைக் குறித்து 'சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம்' என்று எழுதினாலும் நில எடுப்பு தானாக நிற்காது. தொழிலுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாடு 1997-இல் போட்ட தனிச் சட்டத்தை 2019-இல் உயிர்ப்பித்ததும், அதை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டதும் தெரிந்தவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள்.

சேலம் – சென்னை எட்டு வழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். 277 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்கள் வழியாக. 2018-இல் நிலத்துக்காரர்களுக்குச் சட்டம் கொடுத்தது 21 நாள் ஆட்சேப அவகாசம். அதுவும் நிலத்தில் உரிமை உள்ளவர் தனித்தனியாக எழுதித் தருவது. 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றிப் புது நடைமுறைக்கு வழிவிட்டது. இரண்டு தீர்ப்புகளும் பேசியது நில எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய சட்டங்களைத்தான். ஊர்க் கூட்டத்தின் விருப்பம் அந்தத் தராசில் ஏறவே இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் கிராம சபையையும் நம் ஆட்கள் குழப்பிக்கொள்வதுண்டு. கிருஷ்ணகிரியில் கிரானைட், ஜல்லிக் குவாரிகளுக்காக அந்தக் கூட்டங்கள் அடிக்கடி நடக்கும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்பே பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், பேசுவது வீடியோவில் பதிவாக வேண்டும். அங்கே கோரம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. மேடைக்கு முன்னால் இரண்டு பக்கமும் கோஷம் போட்டுக் கலைந்துவிட்டால் பதிவில் எதுவும் மிஞ்சாது. எந்த சர்வே எண்ணில் கிணறு இருக்கிறது, வெடி வைத்தால் எந்தப் பள்ளிக்கூடச் சுவர் விரிகிறது என்று நிதானமாகச் சொன்னது மட்டும் அனுமதி தரும் குழுவின் மேசை வரை போகும். எழுத்தாகவும் கொடுக்கலாம், கூட்டத்துக்கு முன்பே கொடுக்கலாம்.

அப்படியானால் தீர்மானம் போட்டு என்ன பயன் என்று கேட்பீர்கள். ஊராட்சியின் கைக்குள்ளேயே முடிவாகிற காரியங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நம் மாவட்டங்களில் அதற்குத் தண்ணீரைவிட நல்ல உதாரணம் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைதான் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்களின் பல்லில் பழுப்புப் பட்டை விழும். இன்னும் போனால் எலும்பு இறுகும், முதுகு வளையும், கால் வளையும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று உண்டு. 2008 பிப்ரவரி 26-இல் அடிக்கல், ஜப்பானியக் கடன், 1,928 கோடி ரூபாய், 2013 மே 29-இல் திறப்பு. காவிரித் தண்ணீர் மலையேறி இரண்டு மாவட்டங்களின் ஊர்களுக்கும் வந்தது.

இத்தனை கோடி செலவழித்து வந்த தண்ணீரின் கடைசி முடிவு யாரிடம் இருக்கிறது தெரியுமா? ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நிற்கிற ஆபரேட்டரிடம். ஒகேனக்கல் தண்ணி குறைவாக வந்த நாளில் அவர் ஆழ்துளைக் கிணற்றின் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியில் ஏற்றிவிடுவார். அவரைக் குற்றம் சொல்வது எளிது; தெருவில் குழாய் காய்ந்தால் திட்டு வாங்குவது அவர்தான். காவிரியும் போரும் கலந்து குழாயில் வரும், எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வால்வைத் திருப்புவதா வேண்டாமா என்பது ஆட்சியர் வரை போக வேண்டிய விஷயமே இல்லை. ஊராட்சி நினைத்தால் ஒரே நாளில் ஒழுங்குபடுத்திவிடலாம்.

காரிமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சியில் மார்ச் 22 கூட்டத்துக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே புங்கமர நிழல், பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்களுக்குத் தார்ப்பாய். மகளிர் குழு ஊக்குநராக இருக்கும் ஓர் அக்கா கையில் சின்னப் பெட்டியோடு வந்திருந்தார். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டி தர வேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் அது அலமாரியில் தூங்குகிறது. இந்த அக்கா அதைத் திறந்தார். இரண்டு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டார். ஒன்று ரோஸ் நிறத்திலேயே நின்றது. இன்னொன்று மெல்ல வெளிறி மஞ்சளுக்குத் திரும்பியது. ஃபுளோரைடு கூடக்கூட மஞ்சள் ஏறும்.

"சார், ரோஸா இருக்கறது நேத்து எங்க வீட்ல புடிச்ச ஒகேனக்கல் தண்ணி. மஞ்சளா இருக்கறது இன்னிக்கி காலைல டேங்க்லருந்து எடுத்தது. நீங்களே பாருங்க."

பற்றாளர் நல்ல மனிதர். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரிம்மா, இத ஒரு மனுவா எழுதிக் குடுத்துடுங்க. பி.டி.ஓ. பார்வைக்கு வெச்சிடறேன்."

"மனு போன வருசமே குடுத்தாச்சுங்க சார். மனு வேணாம், மினிட்ஸ்ல எழுதுங்க. எந்தக் கெழம எந்தத் தண்ணி ஏத்துனாங்கன்னு டேங்க்கிட்ட போர்டு வெச்சு எழுதணும். போர் தண்ணி தனியா பொழங்கறதுக்கு மட்டும் உடணும். அத எழுதுங்க."

கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெரியவர், "எழுதுப்பா, அதான் சொல்லுதில்ல" என்றார். ஊராட்சி செயலர் எழுதினார்.

அந்த அக்காவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் 1989-க்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்த இடம் தருமபுரி. ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்த ஆண்டு இங்கேதான் முதலில் தொடங்கினார்கள். பிறகுதான் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் போனது. அன்று கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான் இருந்தது, பிரிந்தது 2004-இல். வாரா வாரம் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து, வருகை போட்டு, சேமிப்பை எண்ணி, யாருக்குக் கடன் என்று முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழகினார்கள். பல ஊர்களில் ஊராட்சி மன்றத்தைவிட ஒழுங்காகத் தீர்மானப் புத்தகம் வைத்திருப்பது குழுக்காரர்கள்தான். இதே பெண்களிலிருந்துதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்களும் வந்தார்கள். அந்தத் திட்டமும் 2021 ஆகஸ்ட் 5-இல் சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை கொண்டுபோகிறவருக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்குக் கால் வளைந்திருக்கிறது எல்லாம் தெரியும். குறைந்த ஊக்கத்தொகைக்கு அரசு இவர்களை நிறைய வேலை வாங்கிக்கொள்கிறது என்பது என் மனக்குறை. இவர்களின் உழைப்பைக் கூப்பிடுகிற அளவுக்கு இவர்களின் கருத்தைக் கூப்பிடுவதில்லை.

மலையில் கதை வேறு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில், நில உரிமைக் கோரிக்கையை வாங்கிச் சரிபார்க்கத் தொடங்கும் அதிகாரமே கிராம சபைக்குத்தான். அந்தக் கிராம சபை ஊராட்சி அளவில் கூடுவதில்லை, குக்கிராம அளவில் கூடுகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சித்தேரி, வத்தல்மலை மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர்களுக்கும் இது சமவெளியில் இல்லாத பலம். சித்தேரி அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-இல் அங்கே பழங்குடி மக்கள் மீது நடந்த தாக்குதலுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும், குற்றம் சாட்டப்பட்ட வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 செப்டம்பர் வரை ஆனது. உயர் நீதிமன்றம் அதை 2023-இல் உறுதி செய்தது. சீருடையைக் கண்டால் காட்டுக்குள் ஓடிய தலைமுறைக்கு, அதே வனத்துறை ஊழியர் தங்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து ஆவணம் காட்ட வேண்டிய சட்டம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. மேலே கோட்ட, மாவட்டக் குழுக்களில் கோப்பு எவ்வளவு நாள் கிடக்கிறது என்பது தனிச் சோகம்.

ஓசூர் மாநகராட்சி ஆனது 2019-இல். 45 வார்டுகள். நகரத்துக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதி வந்தது. குடியிருப்புச் சங்கக்காரர்களைத் தவிர எத்தனை பேருக்குத் தங்கள் பகுதி சபை எங்கே கூடுகிறது என்று தெரியும் என்பது கேள்வி.

தீர்மானம் போட்ட பிறகு அதைத் துரத்துவது தனி வேலை. பலர் விடுவது இங்கேதான். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். அதற்கு ஊரில் ஒருவர் இருந்தாலே போதும். ஆனால் அந்த ஒருவர் ஆறு கூட்டத்துக்கும் வர வேண்டும்.

புங்கமர ஊருக்கு மே 1 அன்று மறுபடி போனேன். தொட்டியின் தூணில் கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகை தொங்கியது. சாக்பீஸில் கிழமை வாரியாக எழுதியிருந்தார்கள்: சனி ஒகேனக்கல், ஞாயிறு ஒகேனக்கல், திங்கள் போர். செவ்வாய்க்கு நேரே காலி. கூட்டத்தில் அந்த அக்கா அதைத்தான் முதலில் கேட்டார். ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, அன்றைக்கு மச்சான் வீட்டு விசேஷம், லீவு என்றார். அப்போ தண்ணி யார் விட்டது என்று இன்னொருவர் கேட்டார். ஆபரேட்டரின் பையன் விட்டானாம். செயலர் நிமிர்ந்து, "இதயும் எழுதணுமா?" என்றார்.

"எழுதுங்க" என்றார் அக்கா.